ஆறரை வோல்ட்

பச்சை குத்தும் மிஷினை ஆறரை வோல்ட்டில் வைத்துக் காதோரம் பிடித்துக் கேட்டேன்.

"ஏத்து" என்றான் அண்ணன்.

"இது போதும்ணா."

"கொசு கூட இதைவிட சத்தமா கத்தும். எட்டு வை."

"எட்டு கோடு போடறதுக்கு. இது நெழல். மெதுவா வைக்கலேன்னா தோல் கந்தலாயிடும்."

"கந்தலானா எனக்குத் தெரியவா போகுது?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனே நிறுத்திக்கொண்டு, "பேரிங் கொஞ்சம் காஞ்சிருக்கு, பாத்துக்கோ" என்றான்.

மதியம் இரண்டு மணி இருக்கும். அவனைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, இடது காலுக்கடியில் இரண்டு தலையணை கொடுத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் சரியாகத் தொடையில் விழுந்தது. இந்த இரண்டு வருடத்தில் கால் பாதியாக இளைத்துவிட்டது. சவரம் செய்தபோது கத்தி எலும்பின் மேலேயே போவது போலிருந்தது. சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, கூழாங்கல் படத்தின் அச்சை ஒட்டி எடுத்தேன். என்ன படம் வேண்டும் என்று கேட்டதற்கு எது வேண்டுமானாலும் போடு என்று சொல்லிவிட்டான். நான்தான் கூழாங்கல்லைத் தேர்ந்தெடுத்தேன். கோடே இல்லாமல் நிழலாலேயே முடித்துவிடலாம். ஊசி ஆழமாக இறங்கத் தேவையில்லை. அச்சைப் பார்த்துவிட்டு, "கல்லு மேல கல்லா?" என்றான். ஒரு நாளில் அவன் இத்தனை பேசி வெகுகாலமாயிற்று.

அண்ணன் பத்தொன்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து லிஃப்ட் ஒருமுறை ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டால் போதும், எந்த மாடியில் கதவு உரசுகிறது, எந்தச் சக்கரத்தில் எண்ணெய் இல்லை என்று சொல்லிவிடுவான். கதவைத் திறந்தவுடன் கால் வைக்காதே, முதலில் பார் என்று கூட வேலை செய்கிறவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் மூன்றாவது மாடியில் தானே சாவி போட்டுக் கதவைத் திறந்து, யாரிடமோ பேசிக்கொண்டே பின்னால் கால் வைத்தான். லிஃப்ட் அங்கே இல்லை. முதுகுத்தண்டில் நரம்பு முழுசாக அறுந்துவிட்டது என்றார்கள். தொப்புளுக்குக் கீழே ஒன்றும் தெரியாது, இனிமேலும் தெரியாது என்று டாக்டர் அம்மாவிடம் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுத் தரைத்தளத்தில் இந்த வீட்டுக்கு வந்தோம். முதல் எட்டு மாதம் அண்ணி கூடவே இருந்தாள். அப்புறம் அவனே அவளைத் துரத்தினான். "என்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நீயும் செத்துருவ, போ" என்று தினமும் சொன்னான். தட்டைத் தூக்கி எறிந்தான். அவள் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அவளுடைய ஊருக்குப் போய் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் வேலையில் சேர்ந்தாள். மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவள், அவன் முகம் கொடுத்துப் பேசாததால் வருவதையும் நிறுத்திக்கொண்டாள்.

பச்சை குத்தச் சொல்லி ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உணர்ச்சியில்லாத காலில் காயம் சீக்கிரம் ஆறாது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "சும்மா அழகுக்கா கேக்கறேன்? வலிக்குதான்னு பாக்கணும்" என்று ஒருநாள் சொல்லியேவிட்டான். அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. போன வாரம் அவனுடன் வேலை பார்த்த ஒருவர் வந்திருந்தார். அவர் கிளம்பும்போது, கட்டிலுக்கடியில் இருந்த கருவிப் பையை எடுத்துப் போகச் சொல்லிக் கொடுத்துவிட்டான். அந்தப் பையை அம்மா தொட்டால்கூடக் கத்துகிறவன். அதற்கப்புறம் இரண்டு நாள் அவன் எதுவும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டுவிடுகிறேன் என்று நானே போய்ச் சொன்னேன்.

மருந்துக்கடைக்கு மேலே எனக்கு ஒரு அறை இருக்கிறது. பதினொரு வருடமாக அங்கேதான் தொழில். சாம்பல் நிழலுக்காகவே என்னைத் தேடி வருவார்கள். ஊசிக்கடியிலேயே தூங்கிப்போகிறவர்கள் உண்டு. அதுதான் என் பெருமை. சீப்புப் பல் போல அகலமாக அடுக்கிய பதினைந்து ஊசிகள், தோலைக் கீறாமலிருக்க ஓரம் வளைந்தவை. நகத்தின் கனத்துக்கு மேல் வெளியே நீளக்கூடாது. ஊசி இறங்கும் அடி குறைவாக, மென்மையாக இருக்க வேண்டும். நாலு குப்பிகளில் மை. முதலாவது கறுப்பு, அடுத்தடுத்ததில் தண்ணீர் கூடிக்கொண்டே போய் நாலாவது வெறும் அழுக்குத் தண்ணீர் போலிருக்கும். மிஷின் மெதுவாக ஓடினால் கையும் மெதுவாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் மிளகுத்தூள் தூவியது போல் புள்ளி புள்ளியாக விழும். வேகமாக ஓடினால் ஒரே இடத்தைக் குதறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கைக்கும் மிஷினுக்கும் ஒத்துப்போகிற ஒரு இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. வலிக்காமல் வைப்பதற்கு இத்தனை வருடம் கற்றுக்கொண்டதையெல்லாம், வலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன்மேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லின் அடிப்பக்கத்தில், நிழல் கறுத்துக் கிடக்கும் இடத்தில் தொடங்கினேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கும். இரண்டாவது குப்பியைத் தொட்டுக் கல்லின் வயிற்றுப் பக்கம் வந்தபோது, தொடை ஒரு துள்ளு துள்ளியது. ஊசியைச் சட்டென்று எடுத்துவிட்டேன்.

"ஊசி!" என்று கத்தினான். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து எனக்கு அதுதான் பெயர். "எனக்குத் தெரிஞ்சுது!"

"அது தானா துள்றதுண்ணா. பிசியோதெரபி அக்கா சொன்னாங்கல்ல, நரம்பு..."

"துள்ளினது தெரியும்டி. அதுக்கு முன்னாடி. நீ வச்சது தெரிஞ்சுது." அவன் முகம் சிவந்திருந்தது. "நம்பலேன்னா பாரு. நான் கண்ணை மூடிக்கறேன். நீ வை, எடு. நான் சொல்றேன்."

துண்டை எடுத்து அவனே கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். மிஷினை ஓடவிட்டு, தொடாமல் கொஞ்ச நேரம் காற்றிலேயே பிடித்திருந்தேன்.

"இன்னும் வைக்கல" என்றான்.

வைத்தேன்.

"இப்ப."

எடுத்தேன்.

"எடுத்துட்ட."

ஏழு முறை. நேரத்தை மாற்றி மாற்றி, ஏமாற்றி ஏமாற்றி வைத்துப் பார்த்தேன். ஏழு முறையும் சரியாகச் சொன்னான். கடைசியில், "இப்ப லேசா. இப்ப அழுத்தி" என்றுகூடச் சொன்னான். நிமிர்ந்து பார்த்தால் அம்மா வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. எட்டாவது முறை அவன் "இப்ப" என்றதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் துண்டை அவிழ்த்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தான். சின்ன வயதில் சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டிக் காட்டும்போது அப்படித்தான் பார்ப்பான். நானும் நம்பினேன். அதை மறைத்துப் பயனில்லை. அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"அழுதுட்டே மையைக் கொட்டிடாத" என்றான்.

அதற்குமேல் கை ஓடவில்லை. கல் பாதியில் நின்றது. காயத்தைத் துடைத்து மூடிவிட்டு, மிஷினும் குப்பிகளும் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுத் தொட்டிக்குப் போனேன். அம்மா கொல்லைப் படியில் நின்று அண்ணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சும் அழுகையுமாக எனக்கே பாதி புரியவில்லை. ஊசியில் தங்கிய மை போவதற்காக மிஷினை ஓடவிட்டு ஒரு குவளைத் தண்ணீரில் முக்கினேன்.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "தண்ணியில விட்டுட்டியா?"

மிஷினை மேலே எடுத்தேன்.

"இப்ப எடுத்துட்ட" என்றான். சந்தோஷமாக, விளையாட்டாகச் சொன்னான். "பாத்தியா, இங்கேருந்தே சொல்லுவேன்."

மிஷினை நிறுத்தினேன். குழாயிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மறுபடி ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊசியைத் தண்ணீரில் வைத்தேன், எடுத்தேன். எதிலாவது பட்டதும் ரீங்காரம் ஒரு இழை இறங்குகிறது. விட்டதும் ஏறுகிறது. பதினொரு வருடம் கையில் பிடித்திருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. அவனும் கவனித்திருக்கமாட்டான். காது கேட்டதைக் கால் சொன்னதாக நினைத்துக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. அவன் பொய் சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மாவைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அவள் முதலில் புரியாதவள் போல் நின்றாள். பிறகு, "உனக்கு ஏண்டி எல்லாத்தையும் நோண்டிப் பாக்கணும்?" என்றாள்.

"அம்மா, நாளைக்கு அவனுக்கே தெரிஞ்சா..."

"தெரியட்டும். ஒரு வாரம் போகட்டும். இன்னிக்கு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நீ பாத்தல்ல?" என் தோளை அழுத்திப் பிடித்தாள். "அவ வர்றேன்னு சொல்லிட்டா. அவ வந்து ஒரு தடவை அவன்கூட நல்லாப் பேசிட்டுப் போகட்டும். அப்புறம் சொல்லு, என்ன வேணா சொல்லு."

நான் சொல்லவில்லை. அம்மாமேல் பழியைப் போட்டுவிடலாம், ஆனால் அது உண்மையல்ல. அந்த வாரம் முழுக்க ஒரு நாளைக்கு மூன்று வேளை அவன் காயத்துக்கு மருந்து போட்டவள் நான். மூன்று வேளையும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் தனியாகத்தான் இருந்தோம். நாலாவது நாள் கல்லின் அடிப்பக்கம் சிவந்து, நீர் கசியத் தொடங்கியது. அதைப் பார்த்துவிட்டு, "எரியற மாதிரி இருக்கு" என்றான் சந்தோஷமாக. "ம்" என்றேன். தானே சவரம் செய்துகொண்டான். சக்கர நாற்காலியின் பிரேக் கிரீச்சிடுகிறது என்று எண்ணெய் கேட்டு வாங்கிப் போட்டான். பையைக் கொண்டுபோனவருக்குப் போன் செய்து, "அதைத் தொடாம அப்படியே வச்சிரு" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபடி, நான் காலில் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் அடுத்த வேளைக்குத் தள்ளினேன்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணி வந்தாள். மகள் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உருவிக்கொள்ளவில்லை. பிறகு அவன் என்னைப் பார்த்து, "ஊசி, மிஷினை எடுத்துட்டு வா, காட்டலாம்" என்றான்.

"காயம் ஆறலண்ணா. இப்ப வைக்கக் கூடாது."

"வேற எடத்துல வை."

"வேணாம்ணா." என் குரலை அண்ணி கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

"அப்பா, நான் தொட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் மகள்.

அந்தக் கணத்தில் நான் ஏதாவது செய்திருக்கலாம். டீத் தம்ளரைத் தட்டிவிட்டிருக்கலாம். குழந்தையைக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கலாம். அண்ணன் அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்துவிட்டான். "தொடு. எங்கன்னு நான் சொல்றேன்."

அவள் போர்வையை விலக்கி ஒரு விரலை முழங்காலில் வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்த முகமாகக் காத்திருந்தான். அவள் நாலு விரலையும் வைத்தாள். பிறகு உள்ளங்கையை. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, உடம்பைச் சாய்த்து அழுத்தினாள்.

"ம், தொடு" என்றான் அண்ணன்.

அவள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி என்னைப் பார்த்தாள். அம்மா வாசலிலிருந்து உள்ளே போய்விட்டாள்.

"பயப்படாத. தொடும்மா."

"தொட்டுட்டுதான் இருக்கேன்பா."

அவன் கண்ணைத் திறந்தான். தன் முழங்கால் மேலிருந்த இரண்டு சின்னக் கைகளையும் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு, "அப்பா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்டா" என்று அவள் கன்னத்தைத் தட்டினான். குரல் உடையவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணி போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

வெகுநேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "சத்தமா?" என்று கேட்டான்.

நான் தலையசைத்தேன். அவன் என் பக்கம் திரும்பாததால், "ஆமாண்ணா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"லோடு விழுந்தா எறங்கும்." யாரோ ஒருவருடைய மிஷினைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். "மோட்டார்னா எறங்கத்தானே செய்யும். எனக்குத் தோணலையே." பிறகு, "உனக்கு எப்பத் தெரியும்?" என்றான்.

"அன்னிக்கே."

திட்டியிருந்தால், கையில் கிடைத்ததை எடுத்து என்மேல் எறிந்திருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். "தலையணையை எடு, படுக்கணும்" என்று மட்டும் சொன்னான். நான் எடுக்கப் போனபோது, "நீ வேணாம்" என்றான். அண்ணிதான் எடுத்துப் படுக்கவைத்தாள்.

அண்ணி பின்கட்டுக்கு வந்து தொட்டியில் முகம் கழுவினாள். துண்டு கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"வேலையை விட்டுட்டு வந்தேன்" என்றாள்.

நான் துண்டைக் கொடியில் போட்டேன்.

"கடையில சொல்லிட்டேன். வீட்டையும் காலி பண்றேன்னு சொல்லிட்டேன். புதன்கிழமை வண்டி வருது சாமான் ஏத்த." அவள் கோபமாகப் பேசவில்லை, நடந்ததை ஒப்பிப்பது போல் சொன்னாள். "அத்தை போன் பண்ணினப்ப பொண்ணைத் தூக்கிச் சுத்தினேன். பாவி, நான் டான்ஸே ஆடினேன்."

"அண்ணி, கால் சரியாச்சுன்னாதான் வருவீங்கன்னு..." என்று தொடங்கினேன்.

"காலுக்காக யாரு வர்றா? அவரு கூப்பிட்டாருன்னு நெனச்சேன். நல்லா இருக்கேன், வான்னு அவரே சொல்லச் சொன்னாருன்னு அத்தை சொன்னாங்க." சற்று நின்று, "சொல்லலையா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை. அம்மா அன்று என்னவெல்லாம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அடுக்களைக்குள் அம்மா பாத்திரங்களை நகர்த்தும் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் அந்தக் கதவைப் பார்த்தோம். அவள் வெளியே வரவில்லை.

"வண்டியை வேணாம்னு சொல்லிடவா?" என்றாள் அண்ணி. என்னைக் கேட்டாளா, தன்னையே கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனைக் கையில் எடுத்தாள். அதன் திரையைப் புடவையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். இந்த வீட்டில் இனி நான் சொல்வதற்கு என்ன மதிப்பு இருக்கிறது.

உள்ளே சத்தமே இல்லாததால் அறை வாசல்வரை போய் எட்டிப் பார்த்தேன். அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தான். கண் திறந்துதான் இருந்தது. மகள் கட்டிலின் கால்மாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, போர்வையைக் கொஞ்சமாக ஒதுக்கிவிட்டு, முழங்காலுக்குக் கீழே நீலப் பேனாவால் வரைந்துகொண்டிருந்தாள். சின்னதும் பெரிதுமாக வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் நுணுக்கி நுணுக்கிக் கோடுகள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பேனா முனை அழுந்த அழுந்தப் போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வப்போது நிமிர்ந்து அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டாள். கணுக்கால் வரை வந்துவிட்டிருந்தது. பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வட்டத்தைத் தொடங்கினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.